பினாங்குக்குப் போன பெட்டிகள்

புஷ்பவள்ளிக்குக் கல்யாணம் ஆன இரண்டாவது வருஷம், 1961-இல், பூமிநாதன் மலேயாவுக்குக் கப்பலேறினான். சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, அறுபத்து நாலு சித்திரையில், வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனான். பிள்ளை இல்லை. அவள் மானகிரியில் மாமியார் காளியாயியோடு இருந்தாள். காரைக்குடிக் கடைகளுக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்தாள். அக்கரையிலிருந்து எப்போது கூப்பிடுவார் என்று கேட்பவர்களுக்கு, வீடு கிடைத்ததும் என்று ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தாள்.

அறுபத்தேழு ஆடியில் கடிதம் வந்தது. தோட்டத்தில் வீடு ஒதுக்கிவிட்டார்கள். அவள் வருவதற்கான பெர்மிட் கார்த்திகைக்குள் கிடைத்துவிடும். ஆனால் சாமான்களை முன்கூட்டியே கப்பலில் அனுப்பிவிட வேண்டும். புதிதாகக் குடிவருகிறவர்களின் புழங்கிய சாமானுக்கு அங்கே சுங்கத் தீர்வை கிடையாது. சட்டம் எப்போது மாறுமோ தெரியாது. ஆகவே சீர் சாமானில் ஒன்றுகூட விடாமல் கட்டி அனுப்பு என்று எழுதியிருந்தான்.

அவள் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தாள். மறுநாளே ஒக்கூருக்கு ஆள் விட்டு அண்ணன் முத்தப்பனை வரவழைத்தாள். தச்சர் மூன்று மரப்பெட்டி அடித்துக் கொடுத்தார். இரண்டு பித்தளை அண்டா, குடங்கள், தவலை, எவர்சில்வர் பாத்திரம், பாய், தலையணை உறை, பட்டுச் சேலை மூன்று, அப்பா ஒக்கூரில் ஒரு செய் நிலத்தை விற்று வாங்கிக் கொடுத்த சீமைத் தையல் மிஷின் எல்லாம் உள்ளே போயின. காளியாயி தன் கையாலேயே பழம்புளி பத்து வீசையைக் கொட்டை எடுத்து உருட்டி, மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாள்.

அண்ணனும் தங்கையும் பெட்டிகளோடு திருவாரூரில் ரயில் மாறி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் கம்பெனிக்காரர்களுக்குச் சாமான் அனுப்பும் காரியம் பார்த்துக் கொடுக்கும் அப்துல் மாலிக் என்பவர் ஒவ்வொரு பொருளாகக் கேட்டுப் பட்டியல் எழுதினார். மிஷினின் நம்பரைக்கூட விடவில்லை. கடைசியில் கையெழுத்தா, கைநாட்டா என்று கேட்டார். எட்டாவது வரை படித்த புஷ்பவள்ளி பேனாவை வாங்கித் தன் பெயரை முழுதாக எழுதினாள்.

கஸ்டம்ஸ் அதிகாரி பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். வெள்ளியும் தங்கமும் வெளியே போய்விடக்கூடாது என்று அப்போது கெடுபிடி. புளி உருண்டைகளுக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். தலையணை உறைகளை உதறினார்கள். அவளுடைய உள்பாவாடைகளை அந்நிய ஆண்கள் விரித்துப் பார்த்து மேஜைமேல் போட்டார்கள். அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. புருஷன் வீட்டுக்குப் போகிற சாமான்தானே, பொறுத்துக்கொள்வோம் என்று பல்லைக் கடித்தாள். பெட்டிகள் தோணியில் ஏறி, தூரத்தில் நின்ற பினாங்குக் கப்பலை நோக்கிப் போவதைப் பார்த்த பிறகுதான் ஊர் திரும்பினாள்.

கார்த்திகை போயிற்று. மார்கழியும் போயிற்று. பெர்மிட் வரவில்லை. தைக் கடைசியில் முத்தப்பன் ஒக்கூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். அவன் பெயருக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கவர் வந்திருந்தது. அப்துல் மாலிக் எழுதியிருந்தார்: 'தங்கள் தங்கை சுகமாக அக்கரை போய்ச் சேர்ந்து, சாமான்களைக் குறைவின்றிப் பெற்றுக்கொண்டது அறிந்து மகிழ்ச்சி. பெற்றுக்கொண்டதற்கான ரசீதின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.'

தங்கை மானகிரியில்தான் இருக்கிறாளா என்று பார்க்கவே முத்தப்பன் வந்திருந்தான்.

ரசீது இங்கிலீஷில் இருந்தது. அடியில் பூமிநாதனின் கையெழுத்து. அதன் பக்கத்தில் மைகொட்டிய ஒரு பெருவிரல் ரேகை. ரேகையைச் சுற்றி, பூமிநாதன் மனைவி புஷ்பவள்ளி, இடது கை, என்று எழுதியிருந்தது.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். காளியாயி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்க மகன் அங்கிட்டு வேற ஒருத்திய வச்சிருக்காகளா?"

காளியாயி முறத்தைக் கீழே வைத்தாள். இல்லை என்று சொல்லவில்லை. "ஆம்பளை தனியா எம்புட்டு நாளைக்கு ஆத்தா இருப்பான்? நீதான் மூத்தவ. உன் எடம் எங்கிட்டும் போயிறாது."

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"நாலு வருசம் இருக்கும்."

நாலு வருஷம். அப்படியானால் அவன் லீவில் வந்த நாற்பது நாளும் இதை வைத்துக்கொண்டுதான் அவளோடு படுத்து எழுந்திருக்கிறான். அவள் ஆக்கிப் போட்ட அயிரை மீன் குழம்பை நக்கி நக்கிச் சாப்பிட்டுவிட்டு, அங்கே சரியான சாப்பாடே கிடைப்பதில்லை என்று சொல்லியிருக்கிறான்.

"கொட்டை எடுத்து உருட்டிக் குடுத்தீகளே புளி, அது யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சுதான் குடுத்தீகளா?"

காளியாயி தலையைக் குனிந்துகொண்டாள். புஷ்பவள்ளி முறத்தைக் காலால் எற்றினாள். உளுந்து சுவரோரம் வரை சிதறியது. மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராதவள், அன்று மத்தியானமே ஒரு தகரப் பெட்டியோடு அண்ணனுடன் பஸ் ஏறினாள்.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசலாம், அவனுக்கு ஒரு கடிதம் போட்டு விளக்கம் கேட்கலாம் என்று முத்தப்பன் வழியெல்லாம் சொன்னான். விளக்கம் கையிலேயே இருக்கிறது என்றாள் அவள். இரண்டாம் நாள் இருவரும் நாகப்பட்டினத்தில் அப்துல் மாலிக்கின் முன்னால் நின்றார்கள்.

அவர் பட்டியலையும் ரசீதையும் அருகருகே வைத்தார். ஒன்றில் கையெழுத்து, மற்றதில் ரேகை. 

"ரெண்டையும் சேத்து வச்சு நான் பாத்திருக்கணும் தங்கச்சி. பாக்காம விட்டுட்டேன்."

வழியையும் அவரே சொன்னார். குடியேற வரும் மனைவியின் சாமான் என்று சொல்லித்தான் தீர்வையில்லாமல் எடுத்திருக்கிறான். அந்த மனைவி கப்பலே ஏறவில்லை என்று தெரிந்தால், அக்கரை கஸ்டம்ஸ் அவனைச் சும்மா விடாது. பெர்மிட்டை எதிர்பார்த்து அவள் எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லாததே போதிய அத்தாட்சி. ஆனால் ஒரு விஷயம் என்று நிறுத்தினார்.

"சாமான் உங்க கைக்குத் திரும்பி வரும்னு நான் சொல்லமாட்டேன். ஏலத்துல போயிரலாம். அவருக்கு வேலைக்கும் சேதம் வரலாம். நல்லா யோசிச்சுக்கங்க."

"ஏலத்துல எவனோ ஒருத்தன் தூக்கிட்டுப் போகட்டும். எம்பேரைச் சொல்லி இன்னொருத்தி ரேகை வச்ச வீட்டுல எங்கப்பன் வாங்கின மிஷின் இருக்கக்கூடாது."

அவள் தமிழில் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் டைப் அடித்தார். முடிந்ததும் வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னாள். ஓரிடத்தில் அவர், தவறுதலாக வேறொரு பெண்ணின் ரேகை பெறப்பட்டிருக்கிறது, என்று படித்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"தவறுதலா இல்ல. தெரிஞ்சே பண்ணினது. அப்படியே அடிங்க."

முத்தப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்துல் மாலிக் அந்தத் தாளை உருவி எடுத்துவிட்டு வேறு தாள் செருகினார்.

இரண்டு மாதம் கழித்துப் பூமிநாதனின் கடிதம் ஒக்கூருக்கு வந்தது. அதிகாரிகள் வீட்டுக்கே வந்துவிட்டார்களாம். தோட்டத்துத் துரை அவனைக் கூப்பிட்டுக் கேவலமாகப் பேசிவிட்டாராம். கிராணி வேலையை எடுத்துவிட்டு ரப்பர்ப் பால் நிறுக்கிற இடத்தில் போட்டுவிட்டார்களாம். என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாயே, பெண்பிள்ளைக்கு இத்தனை ஆங்காரம் ஆகுமா, ரேகை வைக்கச் சொன்னது நான்தான், அதனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று எழுதியிருந்தான். அவள் அந்தக் கடைசி வரியின் கீழே கோடு போட்டு, கடிதத்தை அப்படியே அப்துல் மாலிக்குக்கு அனுப்பி, இதையும் அக்கரைக்குச் சேர்த்துவிடுங்கள் என்றாள்.

அடுத்து வந்த கடிதத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி எழுதுவதாக ஆரம்பித்தது. அனுப்பியவள் பெயர் சோலையம்மாள். ஊரிலிருந்து அக்கா சீதனம் அனுப்பியிருக்கிறாள் என்றுதான் அவன் அவளிடம் சொன்னானாம். அக்கா என்றால் அவனுடைய உடன்பிறந்தவள் என்று நினைத்துக்கொண்டாளாம். விரலை எங்கே வைக்கச் சொன்னானோ அங்கே வைத்தாளாம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியபோது, ஊரில் யாரும் இல்லை என்று சாமி முன்னால் சொன்னானாம். அதிகாரிகள் வந்தபோது அவள் எதையும் மறைக்கவில்லை. அண்டா இரண்டையும் அவன் முன்பே விற்றுவிட்டான், இருந்ததை எல்லாம் எடுத்துக் காட்டினேன், எனக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று முடித்திருந்தாள்.

புஷ்பவள்ளி கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அத்தனை மாதமும் முகம் தெரியாத அந்தப் பெண்ணை மனத்துக்குள் வைதுகொண்டிருந்தாள். இப்போது வைவதற்கு அவள் இல்லை. ஒருவன் மட்டும்தான் மிச்சம். அதை நினைக்க நினைக்க ஆத்திரம் குறையவில்லை, கூடியது. இரண்டு பேரையும் ஒரே வாயால் ஏமாற்றியிருக்கிறான், என் பேரையும் அவள் விரலையும் ஒரே தாளில் ஒட்டியிருக்கிறான் என்று அண்ணனிடம் மட்டும் சொன்னாள்.

சாமான் ஏலத்துக்குப் போகவில்லை. அபராதம் அவன் தலையில் விழுந்தது. ஆவணியில், அக்கரை கஸ்டம்ஸ் திருப்பி அனுப்பிய இரண்டு பெட்டிகள் நாகப்பட்டினத்துக்கு வந்தன. அங்கே இருந்த அதிகாரி புதியவர். மிஷினைப் பார்த்துவிட்டு, சீமைச் சரக்கு, உள்ளே வருவதற்குத் தீர்வை கட்ட வேண்டும் என்றார். அவள் போன வருஷத்துப் பட்டியலை மேஜைமேல் விரித்து, இதே கட்டடத்தில் குத்தின முத்திரையைக் காட்டினாள்.

"இங்கேயிருந்து போனதுதான் திரும்பி வருது. நம்பரைப் பாத்துக்கங்க."

அவர் நம்பரைச் சரிபார்த்துவிட்டு, சரி, எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். அவள் நகரவில்லை. பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கச் சொன்னாள். போகும்போது என் துணியை உதறிப் பார்த்தீர்களே, வரும்போதும் உதறிப் பாருங்கள் என்றாள். அதிகாரி முகம் சுளித்தார். அப்துல் மாலிக் இடையில் புகுந்து, அந்த அம்மா கேட்பது நியாயம்தான் என்றார். நாலு மணி நேரம் ஆயிற்று. இரண்டு அண்டா, ஒரு தவலை, ஒரு பட்டுச் சேலை குறைகிறது என்று எழுதி முத்திரை போட்டு வாங்கிய பிறகுதான் அவள் வண்டிக்குச் சொல்லி அனுப்பினாள்.

மறு வருஷம் மாசியில் பூமிநாதன் வந்தான். தனியாக ஒக்கூருக்கு வர அவனுக்குத் தைரியம் இல்லை. மானகிரிப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் நடந்தது நடந்துவிட்டது என்றார்கள். இந்தத் தடவை உண்மையாகவே பெர்மிட் வாங்கி வந்திருக்கிறான், இரண்டு பேரும் ஒரே வீட்டில் அக்கா தங்கையாக இருந்துகொள்ளலாம் என்றார்கள். முத்தப்பன் அவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தான்.

அவள் பெரியவர்களைப் பார்க்கவில்லை. நேரே அவனிடம் கேட்டாள்.

"நாப்பது நாள் இங்கிட்டு இருந்தீகளே, ஒரு நாளாச்சும் அவளைப் பத்திச் சொல்லணும்னு தோணுச்சா?"

"சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா?"

"இருந்திருக்க மாட்டேன். இப்பவும் இருக்கலை. சிவகங்கைக் கோர்ட்டுல கேஸ் போட்டாச்சு. கட்டினவ உசிரோட இருக்கையில இன்னொரு தாலி கட்டினதுக்கு. ஊருக்கு வந்துட்டீகன்னு இன்னைக்கே வக்கீலுக்குச் சொல்லி அனுப்பப்போறேன்."

பெரியவர்கள் மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். புருஷனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவளோடு பேச்சு வைத்துக்கொள்ளக்கூடாது என்று ஒருவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். பூமிநாதன் அவர்கள் பின்னாலேயே இறங்கிப் போனான். சம்மன் மானகிரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் மதராஸ் போய்க் கப்பலேறிவிட்டான். அதற்குப் பிறகு அவன் ஊருக்கு வரவேயில்லை.

கேஸ் எழுந்து நிற்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. எதிராளி அக்கரையில் இருக்கிறான், தாலி கட்டியதும் அக்கரையில், இதை நடத்த டில்லியிலிருந்து அனுமதி வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போட்டார்கள். அவள் ஒரு நாள்கூட விடாமல் ஒக்கூரிலிருந்து பஸ்ஸில் போனாள். கையிலிருக்கும் தையலை முந்தின நாளே முடித்துவிடுவாள். கோர்ட்டில் பெயர் கூப்பிட்டதும், வந்திருக்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள். அவன் பெயரைச் சேவகன் மூன்று தடவை கூவுவான். பதில் இருக்காது. அந்தப் பெயர் அத்தனை பேர் நடுவில் அப்படிக் கூவப்படுவதைக் கேட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பாள்.

நாலாவது வருஷம் வக்கீல் அவளைத் தனியே அழைத்தார். இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, இத்தனை நாள் ஆகியும் உங்கள் கோபம் ஆறவில்லையா, வாபஸ் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்களேன் என்று நல்ல மனசோடுதான் சொன்னார்.

ஆறவில்லை என்றாள் அவள். பிறகு கேட்டாள்.

"அடுத்த வாய்தா என்னைக்கு?"