மூன்றாம் தடவை கேட்டால்

பாலாடைக்கட்டித் துண்டை நாக்கில் வைத்து ஹெஸ்டர் வெகுநேரம் மென்றுகொண்டிருந்தாள். அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்ற அட்ராக்டா, வந்தவளின் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையின் மறுகோடியில் தம்பி மலக்கி, எதையோ தேநீருக்குள் தொலைத்தவன் மாதிரி கோப்பைக்குள் குனிந்திருந்தான். மதியம் மூன்று மணிதான், ஆனால் சமையலறையில் விளக்கு எரிந்தது. வீட்டின் மூன்று பக்கமும் மரக் கம்பெனி நிலத்தை வாங்கி நட்ட ஊசியிலை மரங்கள் வளர்ந்து, வெயிலை வழியிலேயே மடக்கிக்கொள்கின்றன. நாலாவது பக்கம் மட்டும் இவர்களுடைய நிலம், ஏரி வரை சரிந்து கிடக்கிறது.

அயர்லாந்தின் ஒரு மூலையில் கிடக்கும் எங்கள் லீட்ரிம் நிலத்தை ஏக்கரில் அளக்க வேண்டாம், லிட்டரில் அளந்தால் போதும் என்று டப்ளின்காரர்கள் கேலி செய்வார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. கோரை செழிக்கும், மாடு முட்டி வரை புதையும். அதனால் கொஞ்ச காலமாக ஆளுக்கொரு தொழிலைப் பிடித்துக்கொண்டோம். ஒருவன் கம்பளிக்காக அல்பாக்கா வளர்க்கிறான். ஒருவன் நகரத்து ஜோடிகளுக்கு வயலில் மரக்குடில் போட்டிருக்கிறான். முதலீடு என்ற சொல் ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில்கூடக் காதில் விழுகிறது. போன வாரம் ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டு, பணம் போடக்கூடியவர்களை அழைத்திருந்தார்கள். ஹெஸ்டர் அப்படி வந்தவள். நெதர்லாந்துக்காரி. சின்னப் பண்ணைகளில் பணம் போடும் ஒரு நிதிக்காக ஊர் ஊராகப் போகிறவள்.

அட்ராக்டாவிடம் இருந்தது கொஞ்சம் வெள்ளாடுகளும் ஒரு வெள்ளை அறையும். அறை இன்னும் கட்டப்படவில்லை. பழைய மாட்டுக் கொட்டகைதான் அவள் மனசில் அந்த அறை. பால் வாளியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அதன் சுவர்கள் மெல்ல வெளுக்கத் தொடங்கும். ஏரியைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் திறக்கும். பலகைகளில் வட்ட வட்டமாகப் பாலாடைக்கட்டிகள் அடுக்கியிருக்கும். வெளிச்சம் காலையில் ஒரு வரிசையையும் மாலையில் இன்னொன்றையும் தொட்டுப் போகும். உப்புத் தண்ணீர்ப் பாத்திரம் எங்கே, துடைப்பம் எந்த ஆணியில் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த அறைக்குள் அவள் நடமாடும்போது யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. வாளி நிரம்பி வழிந்து செருப்பை நனைத்த பிறகுதான் திரும்பி வருவாள்.

மலக்கிக்கு முழங்கால் போய்விட்டது. மாடுகளை விற்றாயிற்று. மிச்சமிருக்கும் நிலத்தையும் மரக் கம்பெனி கேட்கிறது, வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். "அதுக்குள்ள உன் சீஸுக்கு யாராவது பணம் போட்டா சரிக்கா. இல்லன்னா மரத்துக்கு விட்டுட்டு டவுன்ல ஒரு வீட்டப் பாத்துட்டுப் போயிடலாம்" என்று சொல்லியிருந்தான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஹெஸ்டர் விழுங்கினாள்.

"நல்லா இருக்கு. சும்மா சொல்லல, ரொம்ப நல்லா இருக்கு. கொட்டகையை மாத்துற செலவை முழுக்க நாங்க போடறோம். தொழில்ல மூணுல ஒரு பங்கு எங்களுக்கு. சம்மதமா?"

அட்ராக்டாவின் நெஞ்சுக்குள் ஜன்னல் திறந்தது. வாயோ தன் பழக்கத்தில் போயிற்று.

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க. இதென்ன அவ்ளோ பெரிய சீஸா? உங்களுக்குத்தான் வீண் சிரமம்."

எங்கள் ஊரில் முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, ஆசையை மறைக்க. மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் கை நீளும். தேநீர் என்றாலும் சரி, கல்யாணம் என்றாலும் சரி. முதல் தடவையிலேயே சரி என்றவனைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் காலம் வரை பேசுவோம்.

"நிச்சயமா வேண்டாமா?" என்றாள் ஹெஸ்டர்.

எல்லாம் முறைப்படி போகிறது என்று அட்ராக்டாவுக்கு ஒரே சந்தோஷம். "எங்களுக்கு எதுக்குங்க அவ்ளோ பணம்" என்று சிரித்தபடி கெட்டிலை எடுக்கத் திரும்பினாள். வந்தவள் மூன்றாம் தடவை கேட்கக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டுமே. கெட்டிலோடு திரும்பியபோது ஹெஸ்டர் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேரா சொன்னதுக்கு நன்றி. பாதிப் பேரு இழுத்தடிப்பாங்க. எனக்கு இந்த மாதிரி தெளிவான பதில்தான் பிடிக்கும்." உண்மையான மரியாதையோடு இருவருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. அட்ராக்டா கெட்டிலைக் கீழே வைக்கவில்லை.

"திரும்பி வருவா. கையுறைய மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்து கேப்பா பாரு."

வெளியே கார் உறுமி, கல்பாதையில் நகர்ந்தது.

"அக்கா, அவங்க ஊர்ல அவ்ளோதான் கேப்பாங்க போலிருக்கு."

"உனக்கெப்படிடா தெரியும்?"

"பிஸ்கட் வேணுமான்னே. வேண்டாம்னா. நீ மூணு எடுத்து வச்சே." மலக்கி தட்டைக் காட்டினான். மூன்றும் வைத்தபடியே இருந்தன. "வேண்டாம்னா அவளுக்கு வேண்டாம்தான்."

"அப்ப நீ வாயத் தொறந்திருக்கலாம்ல, மரமே!"

"தொறந்திருந்தா நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அவள் ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினாள். சாலை ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறது, வயல் நேரே போய் அதே சாலையைத் தொடுகிறது. ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்திருந்தது. ஓடத்தான் நினைத்தாள், ஆனால் கோரைக்குள் காலை ஊன்றிப் பிடுங்கிப் போக வேண்டியிருந்தது. சுற்றிலும் வெள்ளை. ஒரு கட்டத்தில் தான் எங்கே நடக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. சுவர்கள் வெளுத்துவிட்டன, ஜன்னல் மட்டும் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கையை நீட்டினால் பலகை தட்டுப்படும் என்றே தோன்றியது. முள்வேலிதான் தட்டுப்பட்டது. வேலிக்கு அப்பால் மாடுகள் கத்துகிற சத்தம்.

கீழ்வீட்டு மாடுகள் கறவைக்காகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. ஹெஸ்டரின் கார் அவற்றுக்காக நின்றிருந்தது. அட்ராக்டா வேலியைத் தாண்டிப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். அது இறங்கியது.

"எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?"

அட்ராக்டா வாழ்க்கையில் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அவள் அம்மாவும் கேட்டதில்லை. கேட்பதற்கு எப்படி ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை. மூச்சு வாங்கியது.

"பனி ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள்.

"ஆமா."

"ஏரி வளைவுல வழுக்கும். பாத்துப் போங்க."

"சரிங்க. இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க? ரொம்ப நன்றி." ஹெஸ்டர் புன்னகைத்தாள். கண்ணாடி ஏறத் தொடங்கியது.

அட்ராக்டா நான்கு விரல்களை அதன் விளிம்பில் போட்டாள். கண்ணாடி விரலை அழுத்தி நின்றது.

"வேணும்." மாடு ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. முகம் கொதித்தது. அவமானமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "அந்தப் பணம் எனக்கு வேணும். மொதல்ல கேட்டப்பவே வேணும்."

ஹெஸ்டர் அந்த விரல்களைப் பார்த்தாள். உப்பில் ஊறி வெளுத்த விரல்கள். கண்ணாடியை மறுபடி இறக்கினாள். கடைசி மாடும் கடந்து போயிற்று, முன்னால் சாலை பனிக்குள் காலியாகக் கிடந்தது. கார் நகரவில்லை.