எண்பத்தேழில் ஒரு பங்கு

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பிறப்பு இல்லை, ஆனால் நடந்தது அதுதான். டாக்டர் பொருத்திய செயற்கைப் பல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. வாயை மூடினால் மற்ற பற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. "செஞ்சவர்கிட்டயே காட்டுங்க, தேய்ச்சுக் குடுப்பாரு" என்று டாக்டர் என்னை அமர்நாத்திடம் அனுப்பினார். ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக் கடையின் மாடியில் பல் செய்யும் லேப் வைத்திருப்பவர் அவர்.

அங்கே, பல்வரிசைகள் காய்ந்துகொண்டிருந்த அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீளத்தில் ஒரு டீசல் ரயில் எஞ்சின் நின்றது. "பொம்மை நல்லா இருக்குதே" என்றேன். அவர் என் பல்லைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

"பொம்மை இல்லைங்க, மாடல். நெஜத்துல எண்பத்தேழு மில்லிமீட்டர் இருந்தா இதுல ஒரு மில்லிமீட்டர். எதுல பாத்தாலும் அந்தக் கணக்குதான்."

"எதுல பாத்தாலுமா?"

"ஆணி வரைக்கும்."

அப்போதே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். இலேசான கதையாக, கொஞ்சம் கிண்டலோடு. உங்களிடம் மறைப்பானேன், கிண்டல் கைவசம் இருந்தால் எனக்கு எழுதுவது சுலபம்.

2

தொடக்கம் ஒன்று: "ஆரணிக்கு ரயில் கிடையாது. ஆரணி ரோடு என்று ஒரு ஸ்டேஷன் உண்டு, அதுவும் களம்பூரில்தான்..." [விட்டுவிட்டேன். ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கேலி.]

தொடக்கம் இரண்டு: "அமர்நாத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் அவரிடம் ஒரு அலமாரி நிறைய எஞ்சின்கள்..." [இதில் எஞ்சினும் இல்லை, அமர்நாத்தும் இல்லை. என் வாய்க்கொழுப்பு மட்டும் இருக்கிறது.]

தொடக்கம் மூன்று: "களம்பூரைத் தாண்டி ஒரு வளைவில் சரக்கு ரயிலில் அடிபட்டு ஒருவர் இறந்தார்."

இது அமர்நாத்தை இரண்டாம் முறை பார்த்த பிறகு எழுதியது. அந்த ஒரு சாண் எஞ்சினை எதற்காகச் செய்தார் என்று அன்று அவர் சொன்னதும், கிண்டல் என்னைவிட்டுப் போய்விட்டது. இந்த வாக்கியத்தில் 'ஒருவர்' என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

அந்த ரயிலை ஓட்டியவர் புஷ்பராஜ், அமர்நாத்தின் அக்கா திரிசலாவின் கணவர். சமணக் குடும்பம். பொழுது இறங்குவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். இறங்கிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள். துணியில் தங்கிய சின்ன உயிர் சாகக் கூடாது என்று, அந்தத் துணியைத் தண்ணீர் எடுத்த கிணற்றிலேயே அலசி விடுவார்கள். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் ரயில் ஓட்டப் போனபோது சொந்தக்காரர்கள் கேட்டார்களாம், தண்டவாளத்தில் நத்தை ஊர்ந்தால் என்ன செய்வாய் என்று. "ஹாரன் அடிப்பேன்" என்று அவர் சிரித்தாராம்.

அன்று சாயங்காலம் எஞ்சின் திருப்பிப் பூட்டப்பட்டிருந்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் மின்கம்பி வந்துவிட்டாலும் டீசல் எஞ்சினும் வருவதுண்டு. அந்த வகை எஞ்சினில் டிரைவர் அறை ஒரு முனைப் பக்கமாக இருக்கும். அந்த முனை முன்னால் வந்தால் பாதை நன்றாகத் தெரியும். திருப்பி ஓட்டினால், இயந்திரத்தை மூடிய நீளமான இரும்புக் கூடு அறைக்கு முன்னால் வந்துவிடும். கூட்டின் ஓரமாகத் தெரிகிற ஒரு கீற்றில்தான் டிரைவர் பாதையைப் பார்க்க வேண்டும். [லாரியைப் பின்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவது போல என்று எழுதி அடித்தேன். லாரிக்குப் பின்சீட் கிடையாது.]

வளைவில் ஒருவர் நின்றிருந்தார், அல்லது நடந்துகொண்டிருந்தார், அல்லது... மறுபக்கம் உட்கார்ந்திருந்த உதவி டிரைவருக்கு இந்தப் பக்கம் எதுவும் தெரியாது. சுமை ஏற்றிய சரக்கு ரயில் நினைத்த இடத்தில் நிற்காது, அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஹாரன் அடிக்கப்படவில்லை. அடித்திருந்தால் அவர் விலகியிருக்கலாம். விசாரணையில் புஷ்பராஜ் "பார்க்கவில்லை" என்றார். ஏற்றுக்கொண்டு, வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள். அவர் திரும்பவில்லை.

4

திரிசலா தம்பியின் லேப்புக்கு வந்து சொன்னது, அமர்நாத் எனக்குச் சொன்னபடி:

"சாப்பாட்டுத் தட்டப் பாத்துகினே உக்காந்துகினு இருக்காருடா. பாத்தனா பாக்கலியான்னு அவருக்கே தெரியலயாம். நீ அந்த எஞ்சின செய். அந்த எடத்தயும் செய். ஜன்னல்லருந்து ஆளு தெரியாதுன்னு அவருக்குக் காட்டு."

"தெரிஞ்சா?"

"தெரியாதுடா."

[இவ்வளவு உறுதியாகப் பேசியிருப்பாளா என்று எனக்குச் சந்தேகம். கேட்டேன். "எங்கக்காவ உங்களுக்குத் தெரியாதுங்க" என்றார் அமர்நாத். எனக்குத் தெரியாதுதான். அப்படியே விடுகிறேன்.]

தெரியாமல் நேர்ந்த சாவு வேறு, அசட்டையால் நேர்ந்த சாவு வேறு. அந்த வீட்டில் இந்த வித்தியாசம் குழந்தைக்கும் சொல்லித்தரப்பட்டிருக்கும். புஷ்பராஜ் இதில் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. வேலை, சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகு.

5

அமர்நாத் செய்தார். அவருக்குத் தெரிந்த வழி அதுதான். கூட்டைப் பித்தளைத் தகட்டில் மடித்தார், ஆணித் தலைகளை ஊசியால் பின்னாலிருந்து அழுத்தி எழுப்பினார், சக்கரச் சட்டங்களைப் பல் வார்க்கிற மெழுகில் செதுக்கி வார்த்தார். கடையில் கிடைக்கிற மாடல் தண்டவாளம் வெளிநாட்டு அளவு, நம் அகலப்பாதைக்கு ஒடுக்கம் என்பதால் தண்டவாளத்தையும் தானே போட்டார். வண்ணம் தீட்ட நைலான் தூரிகை. மிருக முடி ஆகாது. பிரேக் குழாய்க்கு மெல்லிய நூல் தேவைப்பட்டபோது, கீழே கடையில் பட்டு நூல் குவிந்து கிடக்க, மீன் வலை நைலானைத் தேடி பஜாரெல்லாம் அலைந்திருக்கிறார். புழுவைக் கொன்று எடுத்த நூலை இந்த எஞ்சினில் எப்படிக் கட்டுவது என்று என்னிடம் கேட்டார். நானோ கீழே அதே கடைக்கு அன்று என் மனைவிக்குப் பட்டுச் சேலை எடுக்கப் போயிருந்தேன்.

வளைவுக்கு நேரில் போய் அளந்து வந்து அதையும் பலகையில் அமைத்தார். தண்டவாளத்தில் ஒரு மனிதனை நிறுத்தினார். பிறகு, டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை டிரைவர் உட்காரும் இடத்தில் வைத்து, ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது என்று பார்த்தார்.

மனிதன் தெரிந்தான். இடுப்பு வரைக்கும்.

6

தப்பு எங்கே என்று தேடினார். கூட்டை அளந்தார், இருக்கையை அளந்தார், வளைவுக்கு மறுபடியும் போய் வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில்தான் அந்த மனிதனைக் கையில் எடுத்தார். அவனை மட்டும் அவர் செய்யவில்லை. ஜெர்மனியிலிருந்து பாக்கெட்டில் வந்த ஆள், கோட்டும் பேண்ட்டும் போட்டவன். தொப்பியை மட்டும் பல் ராவும் கருவியால் சீவிவிட்டு நிறுத்தியிருந்தார். அளந்தால், நிஜக் கணக்கில் ஆறடி.

எஞ்சினில் ஒரு ஆணி இடம் மாறினால் தகட்டையே தூக்கிப் போடுகிறவருக்கு, செத்துப்போனவர் என்ன உயரம் என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் யோக்கியமில்லை, 'ஒருவர்' என்று எழுதியது நான்தானே.

உடனே அமர்நாத்துக்கு நம்பிக்கை வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆள் குட்டையாக இருந்தால் மறைந்துவிடுவார் அல்லவா. அந்த ஆசையோடுதான் களம்பூர் பக்கத்துக் கிராமத்துக்குப் போனார்.

7

இறந்தவர் பெயர் தனசேகரன். நிலம் கிடையாது, மற்றவர்கள் வயலில் வரப்பு வெட்டியே வாழ்ந்தவர். மகள் கலைமகள் செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அமர்நாத் போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருந்தாள். டிரைவரின் மச்சான் என்று தெரிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாளே தவிர, உட்காரச் சொல்லவில்லை.

"உங்கப்பா எவ்ளோ ஒசரம் இருப்பாருங்க?"

அவள் யோசித்துவிட்டு, கையைத் தன் புருவத்துக்கு நேராக வைத்துக் காட்டினாள். "இம்மாந்தான். எதுக்குக் கேக்குறீங்க?"

சொன்னார். செல்போனில் மாடலின் படத்தையும் காட்டினார். அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது யாரு, பேண்ட்டு போட்டுகினு? எங்கப்பா வேட்டிய மடிச்சிக் கட்டுவாரு. எடது தோளு எறங்கியிருக்கும், மம்முட்டி தூக்கித் தூக்கி."

"மாத்திடறேங்க."

"அந்த டிரைவரு பாத்தாரா?"

"அதத்தான் கண்டுபிடிக்கப் பாக்குறேன்."

"பாத்திருந்தாருன்னா ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எங்கப்பா எந்தப் பக்கம் திரும்பிகினு இருந்தாரு? வேணும்னே போய் நின்னாருன்றாங்க ஊர்ல. அன்னிக்கிக் காலைல அவர நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். வண்டியப் பாத்துகினு நின்னாருன்னா, அது என்னாலதான். இந்தாண்ட திரும்பி இருந்தாருன்னா வூட்டுக்கு வந்துகினு இருந்தாரு."

இவ்வளவுதான் பேசினாள். அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அமர்நாத் உட்காராமலே திரும்பினார்.

[மூன்றாவது தொடக்கத்தை இப்போது திருத்துகிறேன்: "களம்பூரைத் தாண்டி ஒரு வளைவில் சரக்கு ரயிலில் அடிபட்டுத் தனசேகரன் இறந்தார்."]

8

தனசேகரனைப் பல் மெழுகில் செதுக்கினார் அமர்நாத். மடித்த வேட்டி, இறங்கிய தோள். நெல்மணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் உயரம். அவர் செய்த முதல் மனிதர் இவர்தான். வளைவில் நிறுத்தி, கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

தலையும் ஒரு தோளும் தெரிந்தன.

கூடு அந்தப் பக்கம் அரை மில்லிமீட்டர் தடித்தால் அதுவும் மறைந்துவிடும். நிஜத்தில் இரண்டு விரல் அகலம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அமர்நாத் இன்னொரு கூடு செய்தார், அரை மில்லிமீட்டர் தடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தே அளவு தவறினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அரை மில்லிமீட்டர் தேவைப்பட்டது. எனக்கு "கூடு மறைத்தது" என்று இரண்டு வார்த்தை போதும். முதல் வரைவில் அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன்.

முடிவு அ: தடித்த கூடு. புஷ்பராஜ் கண்ணாடியில் பார்க்கிறார், வெறும் தண்டவாளம். அன்று வயிறாரச் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். திரிசலா தூங்குகிறாள். கலைமகளுக்கு "பாக்கலயாம்" என்று ஒரு பதில் போகிறது. அவள் சாகும்வரை அந்தக் காலையையே நினைத்துக்கொண்டு...

முடிவு ஆ: சரியான கூடு. புஷ்பராஜ் பார்க்கிறார். தலை, தோள். அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு...

இதற்கு மேல் இரண்டையும் எழுத முடியவில்லை. முதலாவது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது பயமாக இருக்கிறது.

9

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் திரிசலா தன் கணவரை அழைத்து வந்தாள். பொழுது போவதற்குள் அவர் சாப்பிட வேண்டும் என்று டிபன் கேரியரையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். எஞ்சினில் எந்தக் கூட்டை மாட்டியிருந்தார் என்று அமர்நாத்தைக் கேட்டேன். "அது வேணாங்க" என்றார்.

புஷ்பராஜ் எஞ்சினைப் பார்க்கவில்லை. வளைவைத்தான் பார்த்தார். அமர்நாத் கண்ணாடியை நீட்டினார்.

"மாமா, இத ஜன்னலாண்ட வெச்சிப் பாருங்க."

"வேணாம் மச்சான்."

"ஒரு தடவ பாருங்களேன்" என்றாள் திரிசலா. "ஒண்ணும் தெரியாது. பாத்தா உங்களுக்கே புரியும்."

அவர் தனசேகரனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியை, தோளை. பிறகு மேஜையிலிருந்த இடுக்கியை எடுத்தார். மெழுகு மனிதரை மெதுவாகப் பிடித்துத் தூக்கி, திருப்பி, அதே இடத்தில் வைத்தார்.

"இப்பிடித்தான் இருந்தாரு" என்றார். "ஹாரன்ல கைய வெச்சேன். அமுக்கறதுக்குள்ள..." அந்த வாக்கியத்தை அவர்தான் முடிக்கவில்லை, நான் இல்லை.

திரிசலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைத் தூக்கவில்லை. அமர்நாத்துக்கு அழுகை வந்தது. நான் இதைக் கேட்டபோதும் அவருக்கு வந்தது, எனக்கும் வந்தது.

"அவருக்குப் பொண்ணு இருக்குதுன்னியே" என்றார் புஷ்பராஜ். "வரச் சொல்லு. நானே சொல்லணும்."

அமர்நாத் போன் செய்தார். கால் மணி நேரத்தில் கலைமகளே திருப்பிக் கூப்பிட்டு, பஸ் ஏறிவிட்டேன் என்றாள்.

10

புஷ்பராஜ் மெழுகு மனிதரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தார் என்பது எனக்குத் தெரியும். அமர்நாத் காட்டினார். எழுத ஒரு வரி போதும், எழுதியும் பார்த்தேன். அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கலைமகள் இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் உங்களுக்கு அது தெரிவது நியாயமில்லை. உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நான் விட்டுப்போகும் இடத்தில் அந்த அறை இப்படி இருக்கிறது: வெயில் கிழக்குச் சுவரில் ஏறிவிட்டது. கேரியர் திறக்கப்படவில்லை. "பொழுது போவுது, ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்கிறாள் திரிசலா, தரையில் உட்கார்ந்தபடியே. "அந்தப் பொண்ணு வரட்டும்" என்கிறார் புஷ்பராஜ். பொழுது போய்விட்டால் இன்று அவருக்குச் சாப்பாடு இல்லை, அது அவருக்கும் தெரியும். மேஜைமேல், எஞ்சினுக்கு முன்னால், தனசேகரன் ஒரு பக்கமாகத் திரும்பி இருக்கிறார்.

நீங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு வழிவிடுங்கள்.