நிறுத்தினால்தான் பார்க்க முடியும்

மெக்கானிக் கழற்றிப் பார்க்கும் ஸ்பார்க் பிளக்கில் வண்டியின் நிலைமையோடு அதை ஓட்டுகிறவரின் உடம்பும் தெரிந்தது. கரிபிடித்து வந்தால் பெட்ரோல் அதிகம், ஆளுக்கு நெஞ்சில் சளி. வெளுத்து வந்தால் காற்று அதிகம், ஆள் உள்ளுக்குள் காய்ந்துகொண்டிருக்கிறார். பிஸ்கட் நிறமென்றால் இரண்டுமே நலம். கார்புரேட்டர் ஸ்க்ரூவை அவர் கால் சுற்று திருப்பினால் வண்டி தேறும், ஆளும் தேறுவார். எதிர்க்கடைத் தையல்காரர் தன் இருமலுக்காகவே ஒரு பழைய வண்டியை வாங்கினார். ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

பிளக்கைப் பார்க்க ஒரு முறை உண்டு. வண்டியை முழு வேகத்தில் விட்டு, அப்படியே கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். மீதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். எஞ்சினை நின்ற இடத்தில் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால் பிளக் நல்ல பிள்ளையாக நிறம் மாறிவிடும். அப்படி ஓட்டிக்கொண்டே வந்து நிற்பவர்களை மெக்கானிக் முகம் பார்க்காமல் திருப்பி அனுப்புவார். மனைவியை மட்டும் அப்படித் திருப்பி அனுப்பியதில்லை. அச்சகத்தில் நாள் முழுக்கப் புத்தகம் தைத்துவிட்டு வருகிறவளை வண்டி தள்ள வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒருமுறை ஓட்டுநர் பள்ளிக்காரரின் பிளக்கில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளிப் பொட்டுகள் இருந்தன. பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய எந்த ஸ்க்ரூவும் கிடையாது. மெக்கானிக் மறைக்காமல் சொன்னார், பள்ளிக்காரர் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு மெக்கானிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தையல்காரர் கிண்டல் செய்தார். மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிளக் மட்டும் எப்போதும் பிஸ்கட் நிறத்தில் வந்தது. வருஷங்கள் போயின, அவள் மெலிந்தாள், படி ஏறும்போது நின்று நின்று ஏறினாள். பிளக் நன்றாக இருக்கிறதே என்று அவர் நிம்மதியாக இருந்தார். ஒருநாள் மாலை பெரிய ரோட்டில் வேகமாக வந்துகொண்டிருந்தவளுக்கு மூச்சு முட்டியது. எஞ்சினை அப்படியே நிறுத்தி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். தையல்காரர்தான் வண்டியைத் தள்ளிவந்தார். மெக்கானிக் பழக்க தோஷத்தில் பிளக்கைக் கழற்றினார். வெள்ளையில் வெள்ளி மின்னியது.

“எப்பலேருந்து?” என்று கேட்டார்.

“போன மழைக்கு முன்னாடியே ஒருநா கழட்டிப் பாத்துட்டேன். தெருமுனையில நிறுத்திக் கொஞ்ச நேரம் ஓடவிட்டா நிறம் வந்துடும்ல. அப்படித்தான் கொண்டாந்தேன்.”

“எங்கிட்டயா மறச்ச?”

“இத்தன நாளும் நிம்மதியா சாப்பிட்டீங்கல்ல” என்றாள்.

அவர் கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட்டை மாற்றினார், இருக்கிற ஸ்க்ரூவையெல்லாம் திருப்பினார், காற்று எங்கே நுழைகிறது என்று ராப்பகலாகத் தேடினார். கை சும்மா இருக்க முடியாமல் செய்த வேலைகள் அவை, அவருக்கே தெரியும். கடைசி நாள் காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து வண்டியைக் கிளப்பிவிட்டாள். “இத நிறுத்தாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். மதியம் இறந்துபோனாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் தையல்காரர் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே சொட்டுப் பெட்ரோல் இல்லை. திரும்ப மூடிவிட்டுப் போய்த் தைக்க உட்கார்ந்தார்.

இப்போதும் ஓடுகிறது. வாடகைக்கு வீடு தேடி வருபவர்களிடம் தரகர் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போதே அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறார். மெக்கானிக் மற்றவர்களின் பிளக்கை எப்போதும்போல் பார்க்கிறார். அந்த ஒன்றை மட்டும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்த வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சத்தம் தடுமாறினால் எழுந்துபோய் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புகிறார். அது சீரானதும் திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிடுகிறார்.