நிழலில் உலர்த்த வேண்டிய கார்

எங்கள் தாலுகாவில் கார் வெயிலில் காய்ந்தால் சுருங்கும். நிழலில் காய்ந்தால் உள்ள அளவில் நிற்கும். துண்டால் முன்பக்கமிருந்து பின்பக்கமாக இழுத்துத் துவட்டினால் ஓர் இழுப்புக்கு ஒரு விரற்கடை நீளும். புதுக் கார் வாங்குகிறவர்கள், முதல் கழுவலிலேயே எப்படியும் ஒரு சாண் போய்விடும் என்று தெரிந்து, ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார்கள். சந்துக்குள் குடியிருப்பவர்கள் மாதம் ஒருமுறை கழுவி மொட்டை வெயிலில் நிறுத்தி, சந்துக்குத் தக்கபடி குறைத்துக்கொள்வார்கள்.

செண்பகவல்லிக்கு வயது இருபத்தொன்பது. மின்வாரிய அலுவலகத்தில் வேலை. ஐந்து பேர் உட்காரும் வெள்ளைக் கார் ஒன்று சொந்தமாக வைத்திருந்தாள். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்குள், அந்தக் காரில் தன்னையும் சேர்த்துப் பதினோரு பேரைப் புளியங்குறிச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்தால் அவளுக்குக் கல்யாணம். சேர்க்காவிட்டால் இல்லை.

மாப்பிள்ளை பெயர் பரமகுரு. புளியங்குறிச்சி கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டர். ஆறு மாதத்துக்கு முன் அம்மாவின் வெள்ளாட்டை அங்கே கொண்டுபோனபோது, ஊசி போடுவதற்கு முன்னால் அவன் குனிந்து ஆட்டின் காதில் மன்னிப்புக் கேட்டதை அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த ஆட்டுக்கு வாரம் ஒருமுறை உடம்பு சரியில்லாமல் போயிற்று. ஆடு பாவம், கண்ணில் பட்ட இலையை எல்லாம் தின்றுகொண்டு கல்லுக்குண்டாகத்தான் இருந்தது. செண்பகவல்லிக்கு அவனை அவ்வளவு பிடித்திருந்தது.

பரமகுருவின் அம்மா ராஜாமணிக்கு ஒரே ஒரு நிபந்தனை. மூத்த மகனுக்குச் சம்பந்தம் பேசியபோது பெண் வீட்டார் மூன்று காரில் வந்து இறங்கினார்கள். இன்றுவரை அவர்கள் மூன்று கட்சியாகவே இருக்கிறார்கள்; ஒரு விசேஷத்துக்கு மூன்று தடவை அழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தமுறை, வீடு பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேரும் சொந்தக் காரில், ஒரே காரில் வர வேண்டும். வேன் பிடித்து வந்தால் அது வாடகைக் குடும்பம் என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் போகிற வழக்கம் கிடையாது. ஆனால் வீட்டில் ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தாய்மாமன் கோமதிநாயகம் அதையும் தீர்த்துவைத்தார். எந்தச் சிக்கலானாலும் வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுகிற மனிதர் அவர்.

“ஸ்டியரிங்கப் புடிச்சிருக்க வரைக்கும் அவ டிரைவரு. அதுல என்ன இருக்கு,” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் செண்பகவல்லி ஆவுடையப்பன் அண்ணாச்சியின் கடைக்குப் போனாள். கார் துவட்டும் சாமான்கள் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அண்ணாச்சி ஆளைப் பார்த்துத்தான் துண்டை எடுப்பார்.

“எத்தன பேரும்மா?”

“பதினொண்ணு அண்ணாச்சி.”

“சாதா உடம்பா, பெரிய உடம்பா?”

“மாமாவும் ரெண்டு அத்தையும் பெரிய உடம்பு.”

அண்ணாச்சி ஒரு ரப்பர் வைப்பரை எடுத்துப் பார்த்துவிட்டுத் தானே வேண்டாம் என்று வைத்தார். அதில் தண்ணீர் சீக்கிரம் வழியும். ஆனால் கார் அகலத்தில் பரந்து, பாலத்தில் மாட்டிக்கொள்ளும். காற்று ஊதுகிற மிஷின் வேகமானது. கூரை உப்பலாக எழும்பி நிற்கும். ஆனால் சாயங்காலத்துக்குள் காற்று இறங்கிவிடும் என்பதால், போகும்போது நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் திரும்பும்போது குனிந்து வர வேண்டும். தோல் துண்டு நல்லதுதான், விலையும் அதிகம், ஆனால் அதற்குக் காரின் மேல் ஒரு பொறாமை உண்டு. நீளத்தில் பாதியைத் தானே எடுத்துக்கொள்ளும். பழைய வேட்டி எந்த அளவையும் கூட்டாது, குறைக்காது, நூலை மட்டும் விட்டுவிட்டுப் போகும்.

கடைசியில் அவர் கொடுத்தது, கெட்டியாக நெய்த மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு. “ஒண்ணு இழுக்கதுக்கு. இன்னொண்ணு கதவிடுக்குக்கு. வட்டமா மட்டும் தேச்சிராத, வண்டி போற எடமெல்லாம் வட்டமாவே போவும். நீட்டமா விரிச்சு, தலையிலேருந்து வாலுக்கு இழு. அடிக்குப் பதினாறு இழுப்பு. ஒனக்கு ஆறடி வேணும்.”

ஆறடிக்குத் தொண்ணூற்றாறு இழுப்பு.

விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து காரைக் கழுவினாள். வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதன் நிழலில் நிறுத்திக்கொண்டு, துண்டை முன்கண்ணாடியில் விரித்து, இரண்டு முனையையும் பிடித்துப் பின்பக்கம் வரை இழுத்தாள். பிழிந்தாள். மறுபடி இழுத்தாள். அப்பா பக்கத்தில் நின்று எண்ணினார். நாற்பதாவது இழுப்பில் பின்சீட்டுக்குப் பின்னால் இன்னொரு சீட்டு மெதுவாக வந்து நின்றது. எழுபதில் அதற்கும் பின்னால் ஒன்று. அத்தைகள் இருவரும் இரவிக்கையைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள், முழங்கால் இடிக்கவில்லை. அம்மா உள்ளே போய்ப் பாயசத்துக்கு அடுப்பு மூட்டினாள். தொண்ணூற்றாறாவது இழுப்பை முடித்தபோது செண்பகவல்லிக்குக் கை இரண்டும் விட்டுப்போயிருந்தன. ஆனாலும் வாயெல்லாம் சிரிப்பாக இருந்தது.

அப்பா டேப் வைத்து அளந்தார். பதினேழரை அடி.

காரை அளந்தவர் கொட்டகையை அளக்கவில்லை. கொட்டகை பதினைந்து அடி. பின்னால் இரண்டரை அடி தெருவில் நீண்டுகொண்டிருந்தது. முன்னாலிருந்து பின்னால் இழுத்த தண்ணீர் எல்லாம் வாலில்தான் தேங்கியிருந்தது. அம்மா எல்லோரையும் பாயசத்துக்குக் கூப்பிட்டாள். அவர்கள் உள்ளே போய் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு வருவதற்குள் ஏழரை மணி வெயில் எதிர்வீட்டு மாடியைத் தாண்டி இறங்கி, காரின் வாலில் விழுந்துவிட்டது.

வாலில் பிடித்த சுருக்கம் மெல்ல மெல்ல முன்பக்கம் வரை ஓடியது. தகரம் முறுக்கிக்கொள்கிற சத்தம் கொஞ்சம் கேட்டது. கடைசியில் கொட்டகைக்கு நடுவில் நாலடி நீளத்தில், முழங்கால் உயரத்தில், கார் வெள்ளையாக, அழகாக நின்றது. நாலு வரிசை சீட்டும் உள்ளே இருந்தன. அளவு மட்டும்தான் குறைந்திருந்தது.

செண்பகவல்லி பக்கத்தில் உட்கார்ந்து கதவைத் திறந்து பார்த்தாள். சாவி அவள் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது. ஒரே நாளில் இரண்டாம் முறை கழுவினால் சாயம் போய்விடும். அது குழந்தைகளுக்கும் தெரியும். மணி எட்டு. பரமகுரு வேறு யாருடைய ஆட்டிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கிழவனாகிவிடுவான் என்று நினைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

மாமா வெற்றிலையை மென்று முடித்தும் தீர்ப்பு வரவில்லை. இரண்டாவது வெற்றிலையை எடுத்தார். அம்மாதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காரையும் ஆட்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“காரு ஒண்ணுதான. நாம பதினோரு பேரும் ஒண்ணாத்தான போறோம். அப்புறம் என்ன அழுக? குளிச்சிட்டு எல்லாரும் வெயில்ல வந்து நில்லுங்க. ஒருத்தரும் தலை துவட்டப்பிடாது.”

எங்கள் தாலுகாவில் தலை துவட்டாமல் வெயிலில் இறங்கினால் மனிதருக்கும் இதே கதைதான். தாய்மார்கள் துண்டும் கையுமாகப் பிள்ளைகளைத் துரத்துவது அதற்காகத்தான். வெளியூர்களில் ஜலதோஷத்துக்குப் பயந்து துவட்டுகிறார்கள் என்று கேள்வி. அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஈரத் தலையோடு வெயிலில் ஓட வேண்டும் என்று ஆசை. அறுபத்திரண்டு வயதில் அவருடைய மனைவியே அதற்கு அனுமதி கொடுத்தாள். முதல் ஆளாகப் போய்ப் பம்பு செட்டில் நின்றார்.

பட்டு சுருங்காது, நூல்தான் ஆளோடு சேர்ந்து சுருங்கும். அத்தைகள் முந்தின நாளே எடுத்து வைத்திருந்த பட்டுச் சேலைகளைப் பெருமூச்சோடு பீரோவில் திரும்ப வைத்துவிட்டு, சுங்குடி கட்டிக்கொண்டு தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். தட்டு, வெற்றிலை, பழம், பூ எல்லாவற்றையும் நனைத்து வெயிலில் பரப்பினார்கள். எல்லாம் சொன்ன பேச்சு கேட்டன. தேங்காய் மட்டும் கேட்கவில்லை. அதைக் காரின் கூரைமேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

பதினோரு பேரும் தெருவில் வரிசையாக நின்று காய்ந்தார்கள். மற்றவர்கள் ஒரு சாண் உயரத்துக்கு வரும்வரை நிற்க வேண்டும்; ஓட்டுகிறவளுக்குக் கால் பெடலுக்கு எட்ட வேண்டும் என்பதால், செண்பகவல்லி முழத்துக்குச் சற்று மேலேயே நிழலுக்கு வந்துவிட்டாள். அத்தைகள் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். மாமாவுக்கு உடம்பு பெரியது, முக்கால் மணி நேரம் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா வெளியே வந்து, வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று குனிந்து கேட்டாள். அந்தச் சாவியைத் தூக்க அப்பாவால் முடியாது என்பதால், வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஒன்பதேகாலுக்குக் கார் கிளம்பியது. சாலை அகலமாக இருந்தது. பஸ்காரர்கள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். அத்தைகள் பின்சீட்டில் பாட்டுப் பாடினார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் பாதி தூரத்துக்குப் பாடினார்கள். பிறகு ரயில்வே கேட் வந்தது. மூடியிருந்தது. கட்டைக்கு அடியில் நிமிர்ந்தே போயிருக்கலாம். செண்பகவல்லி போகவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவள், சட்டம் என்றால் சட்டம்தான்.

அரை மணி நேரத்தில் இரண்டு ரயில்கள் போயின. கேட்கீப்பர் ராஜாமணிக்குத் தூரத்து உறவு. அவர் தன் அறையிலிருந்து இறங்கி வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ஒவ்வொருவராக எண்ணினார். கூரைமேல் இருந்த தேங்காயையும் பார்த்தார். மேலே போய்ப் போனை எடுத்து நம்பரைச் சுழற்றினார்.

செண்பகவல்லி அவர் போன் பேசுவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். ஒரே கார்தான், சொந்தக் கார்தான். ஆனால் அந்த வீட்டு வாசற்படி ஏழடி ஆளுக்குக் கட்டியது என்று பரமகுரு ஒருமுறை சொல்லியிருந்தான். படியேற முடியாத சம்பந்தியை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? பரமகுருவும் நெடுநெடுவென்று வளர்ந்தவன். அவன் குனிந்து பேசி அவள் பார்த்ததெல்லாம் ஆட்டிடம்தான். ஆட்டிடம் குனிகிறவன் பெண்டாட்டியிடமும் ஆயுசுக்கும் குனிந்துகொண்டிருப்பானா? கேட் திறந்தது.

புளியங்குறிச்சியில், மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் திரும்பும்போதே தண்ணீர் எதிரே ஓடி வந்தது. சக்கரம் நனைந்துவிடாமல் ஓரமாக ஏற்றி ஓட்டினாள். தெருக்காரர்கள் கையில் குடமும் குழாயுமாக நின்றிருந்தார்கள். ஒரு டிராக்டர் தொட்டி காலியாகித் திரும்பிக்கொண்டிருந்தது. நடுவில் ராஜாமணியின் வீடு, கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை கழுவப்பட்டு, முழு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் இடையில் இப்போது அது இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. ஓடுகளிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆவி எழும்பியது.

வாசற்படியில் ராஜாமணி நின்றிருந்தாள். ஒரு சாண் உயரம். ஈர நூல் சேலை, துவட்டாத தலை. காரைப் பார்த்து விரல் நீட்டி எண்ணினாள்.

“பதினொண்ணு. ஒரே வண்டி,” என்றாள். “எறங்கி வாங்க சம்பந்தி. படி இப்ப சரியாத்தான் இருக்கும்.”

அம்மா முதலில் இறங்கிப் படியில் கால் வைத்தாள். சரியாகத்தான் இருந்தது. மாமா தேங்காயின் கயிற்றை அவிழ்த்தார். தெருக்காரர் ஒருவர் அதை எடுத்து வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். செண்பகவல்லி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மனசு நிறைந்து கண்ணில் நீர் முட்டியது. வெயிலில் இருக்கிறோமே என்று அதை உடனே துடைத்துக்கொண்டாள்.

பரமகுரு வீட்டுக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். நெடிய உடம்பு என்பதால் இன்னும் சின்னப் பையன் உயரத்திலேயே இருந்தான். அவளைப் பார்த்து வெட்கப்பட்டான்.

“கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க,” என்றான். “இன்னும் ரெண்டு சாண்தான்.”

“மெதுவா வாங்க,” என்றாள் செண்பகவல்லி.

இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக் காத்திருந்தாள். அவன் கொஞ்சம் கொஞ்சமாக வந்தான். அவன் கண் அவள் கண்ணுக்கு நேராக வந்ததும், ஓர் அடி எடுத்துவைத்து வாசல் வேப்பமரத்தின் நிழலுக்குள் போய் நின்றுகொண்டு, அவளையும் வரச் சொல்லிக் கையைக் காட்டினான். மரத்தையும் கழுவியிருந்தார்கள். நிழல் இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது.