இருபதாவது நாளுக்கான பெட்ரோல்

இருபது நாள், நடுவில் ஒரு நாளும் விடக்கூடாது என்று பொல்தாவா ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஒதார்க்காவின் மார்பிலிருந்த கட்டியை அறுத்து எடுத்தாயிற்று. மிச்சமீதியைக் கருக்க இருபது முறை கதிர் மெஷினுக்கு அடியில் படுக்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் லீவு. தங்கிப் பார்த்துக்கொள்ள வார்டில் கட்டில் இல்லை. டீசல் இல்லாமல் பஸ் நின்று இரண்டு மாதம். அந்த வருஷம் நாட்டில் எதுதான் இருந்தது? புதிதாகக் கிடைத்த சுதந்திரம் இருந்தது, பனி இருந்தது.

அவள் புருஷன் பனாஸ், வளர்த்த பன்றியைக் கூட்டுப்பண்ணைக் கிடங்குக்காரனிடம் ஓட்டிப் போய் ஆறு கேன் பெட்ரோலோடு திரும்பி வந்தார். போக வர எழுபது கிலோமீட்டர். எப்படிப் பார்த்தாலும் பத்தொன்பது நாளுக்குத்தான் வந்தது. இருபதாவது நாள் இடித்தது.

குளிர்காலத்தில் வண்டி குடிகாரனாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையைக் கட்டினார். பின்சீட்டைக் கழற்றிக் கொட்டகையில் போட்டார். டயரில் காற்று குறைய விடவில்லை. எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றினால் வீண் செலவென்று, தினமும் காலையில் ஒரு வாளி வெந்நீரை ரேடியேட்டரில் ஊற்றிக் கிளப்பினார். வீடு திரும்பியதும் உறைந்து போகாமல் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

ஹீட்டரை மட்டும் தொடவே இல்லை. அதற்கும் காரணம் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அவர் ஓட்டியது ஸபரோஜெட்ஸ் என்ற சின்னக் கார். எஞ்சின் பின்னால், அதற்குத் தண்ணீரே கிடையாது. அதன் ஹீட்டர் தனி அடுப்பு மாதிரி, பெட்ரோலைக் குடித்துத்தான் எரியும். சூடு கண்ட பூனை அவர். செத்துப்போன அண்ணனுடைய இந்த மாஸ்க்விச் கார் கைக்கு வந்தது இந்த இலையுதிர்காலத்தில்தான். ஹீட்டர் என்றால் ஹீட்டர், அதிலென்ன வித்தியாசம் என்று இருந்துவிட்டார், பாவி மனுஷர்.

மூன்றாம் நாள் ஒதார்க்கா ஹீட்டர் குமிழில் கை வைத்தாள். கால் மரத்துப்போச்சு, கொஞ்ச நேரம் போடலாமா என்று கேட்டாள்.

"போடலாம். கடைசி நாளைக்கு நடந்து போவியா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அவளே அதற்குக் காவலாகிவிட்டாள். கம்பளிச் சால்வை இரண்டு, மேலே ரஜாய், காலில் கம்பளி பூட்ஸ். மூச்சு பட்டுக் கண்ணாடியின் உள்பக்கம் உறையும்; அவள் ஸ்பூனால் சுரண்டி அவருக்கு வழி காட்டுவாள். ஒன்பதாம் நாள் அவள் பல் கிடுகிடுப்பதைக் கேட்கப் பொறுக்காமல் அவரே கை நீட்டினார். ஸ்பூனாலேயே ஒரு போடு போட்டாள். "என் பெட்ரோல்ல கை வைக்காத, கிழவா."

பதினைந்தாம் நாள் காய்ச்சலோடு இருமிக்கொண்டே போனாள். மெஷினுக்கு எடுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் கட்டில் எங்கிருந்தோ கிடைத்தது. இரண்டு நுரையீரலிலும் சளி கட்டிவிட்டது, குளிர் தாங்கியிருக்காது என்றார் டாக்டரம்மா. பிறகு பனாஸைத் தனியாகக் கூப்பிட்டு, இனி கதிர் வைக்கிற பேச்சு இல்லை, நாளையும் வந்து பாருங்கள், பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுத் திமீஷும் கூட வந்தான். பண்ணையில் டிராக்டர் மெக்கானிக், பனாஸை மாமா என்று கூப்பிடுகிறவன். ஊர் எல்லை தாண்டியதும் உஸ்ஸென்று கையைத் தேய்த்துக்கொண்டு குமிழைத் திருகினான்.

"மூடுடா அத. பெட்ரோல் போகுது."

"ஹீட்டருக்கு எதுக்கு மாமா பெட்ரோல்?" திமீஷ் சிரித்தான். "காலையில நீதான வெந்நீர் ஊத்துற? அந்தத் தண்ணிதான் எஞ்சின்ல சூடாகி இப்படிச் சுத்தி வருது. போட்டாலும் போடாட்டியும் அந்தச் சூடு வெளிய தான் போகும். ஒரு சொட்டு செலவில்ல."

இரண்டு நிமிஷத்தில் காலடியில் வெதுவெதுப்பு வந்தது. கண்ணாடிப் பனி தானாக உருகி வழிந்தது. பனாஸ் வண்டியை ஓரம் கட்டினார். என்ன மாமா, என்ன ஆச்சு என்று திமீஷ் கேட்டுக்கொண்டே இருந்தான். அவர் குனிந்து காலடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஓட்டினார். தன் கையாலேயே தினமும் அந்த வெந்நீரை ஊற்றியிருக்கிறார். பதினைந்து நாள் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தச் சூடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

திமீஷ் சந்தைப் பக்கம் இறங்கிக்கொண்டான்.

ஒதார்க்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சொல்லிவிட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் அவர் படி ஏறியிருந்தார்.

"எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டாள்.

"இரண்டு கேன்."

அவள் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். முகத்தில் ஒரு கர்வம் வந்தது. "இருபதாவது நாளும் தாண்டும். பட்ட குளிரு வீண் போகல, பாத்தியா? உன் இஷ்டத்துக்கு விட்டிருந்தா என்னைக்கோ தீத்திருப்ப."

"ஆமா," என்றார். அவள் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். அது சூடாகவே இல்லை.

கிளம்ப எழுந்தபோது அவரைச் சட்டைக் கையில் பிடித்து நிறுத்தினாள். பேச மூச்சு வாங்கியது.

"நான் கூட இல்லன்னு ஹீட்டரப் போட்டுக்காத. இன்னும் ஆறு நாள் பாக்கி இருக்கு."

"போட மாட்டேன்," என்றார் பனாஸ்.