அறுபத்து நாலாவது அட்டை

எங்கள் அண்ணன் குப்புராஜ் தன் மகள் பானுப்ரியாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட முடிவு செய்ததற்குக் காரணம் ஒரு பாய்.

"டீச்சர் எங்ககூட பாய்லதான் உக்காந்துகினு இருந்தாங்க" என்று பானு சோறு தின்றுகொண்டே சொன்னாள். இரண்டாம் வகுப்புக்காரி. 2008ஆம் வருஷம். அரசாங்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்திருந்த நேரம். நாற்காலி போய்ப் பாய் வந்தது, பாடப்புத்தகம் போய் அட்டை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துப் படிக்கும். முடித்தால் அடுத்த எண். முடிக்காவிட்டால் அதே அட்டை. எங்கள் கல்லூரியிலும் இதே முறைதான், அங்கே அதற்குப் பெயர் அரியர்.

"வாத்தியாரே கீழ உக்காந்தா பசங்க எங்கடா போய் உக்காருவாங்க?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

அண்ணி கமலம் இதற்காகவே காத்திருந்தவர். "எதிர்வீட்டுப் பொண்ணு டை கட்டிகினு வேன்ல போவுது. நம்ம பொண்ணு பாய்ல சீட்டாடிகினு இருக்குது. அங்கயே மறுபடி சேத்துடுங்க."

'மறுபடி' என்பதைக் கவனிக்கவும். பானு அந்தத் தனியார் பள்ளிக்கு யுகேஜியில் ஆறு மாதம் போனவள். தினமும் காலையில் வேன் ஹாரன் அடிக்கும், இவள் கட்டிலுக்கடியில் இருப்பாள். நான்தான் காலைப் பிடித்து இழுத்து வேனில் ஏற்றுவேன். குடும்பத்தில் எனக்கிருந்த ஒரே பொறுப்பு.

"நான் போவமாட்டேன். நான் அறுபத்திமூணுல இருக்கேன்" என்றாள் பானு. அது என்ன அறுபத்துமூன்று என்று யாரும் கேட்கவில்லை. அன்று அவள் தூங்கியது கட்டிலுக்கடியில்.

டிசி எனும் மாற்றுச் சான்றிதழைக் கேட்கும் விண்ணப்பத்தை நான் எழுதினேன். மூன்று அரியர் இருந்தாலும் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனோம். ஆதிலட்சுமி டீச்சர் பாயிலிருந்து எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். உட்காரப் பாய்தான் இருந்தது. அண்ணன் கொள்கைக்காக நின்றார். விண்ணப்பத்தை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டவர் அப்படியே உறைந்து போனார். தட்டில் நாற்பதாம் அட்டைக்கு மேல் பதினேழாம் அட்டை கிடந்தது.

அண்ணனுக்குத் தொழிலே அட்டைதான். ஆரணிப் பட்டுத் தறிகளுக்கு டிசைன் அட்டையில் ஓட்டை குத்தி, வரிசையாகக் கயிற்றில் கோத்துக் கொடுப்பவர். சேலையில் மயில் வருவதும் மாங்காய் வருவதும் அந்த ஓட்டைகளின் கையில். ஓர் அட்டை இடம் மாறினால் மயிலுக்கு மாங்காய்த் தலை முளைத்துவிடும்.

"டீச்சரம்மா, வரிசை கலைஞ்சு கெடக்குது."

"பசங்க எடுப்பாங்க, போடுவாங்க. அவங்களே தேடிக்குவாங்க."

"தேடிக்குவாங்களா? ஒரு அட்டை தப்பினா முந்தானையே போச்சும்மா!"

டீச்சர் சிரித்தார். "மூலையெல்லாம் கிழிஞ்சிருக்குதுங்க. ஒட்டி, நம்பர்படி கட்டிக் குடுத்தீங்கன்னா பெரிய உதவி."

டீச்சர் மனதில் இருந்தது ரப்பர் பேண்டு. அண்ணன் காதில் விழுந்தது 'நம்பர்படி கட்டி' மட்டும். கணக்குப் பாட அட்டை நூற்றுப்பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டார். மூலை ஒட்டுவது மறந்தே போனது.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போனபோது தலைப்பை அண்ணன் தூக்கினார், வாலை நான். நூற்றுப்பன்னிரண்டு அட்டையும் கயிற்றில் கோத்த ஒரே சரம். வகுப்பு ஜன்னல் கம்பியில் ஆரம்பித்து, கதவைத் தாண்டி, வேப்பமரத்தில் முடிந்தது.

"இனிமே ஒண்ணுகூட கலையாது" என்றார் அண்ணன். "இப்படியே நடத்துங்க, பொண்ணு இங்கயே படிக்கட்டும். இல்லன்னா டிசி குடுத்துடுங்க." விண்ணப்பத்தை மேஜை மேல் வைத்தார்.

"இன்னைக்கு இப்படியே நடத்திப் பாத்துடலாம்" என்றார் டீச்சர், பாயில் உட்கார்ந்தபடி.

முப்பத்திரண்டு பிள்ளைகள். சரம் ஒன்று. இருபதாம் அட்டைக்காரன் கிழக்கே இழுத்தான், ஐம்பதுக்காரி மேற்கே இழுத்தாள். அண்ணன் நடுவில் புகுந்து, "ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்கப்பா!" என்று வரிசையில் நிறுத்தினார். வரிசையில் முதல் ஆளாக நின்ற தமிழ்வாணன் என்ற பையன் ஒன்பதாம் அட்டையில் இருந்த வாத்துகளை எண்ணத் தொடங்கினான். வாத்து ஏழு. ஐந்து வரை எண்ணிவிட்டு ஜன்னலில் அணிலைப் பார்ப்பான். பிறகு முதல் வாத்திலிருந்து. மற்றவர்கள் நின்றார்கள். பானு நின்று பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள்.

"அப்பா, அவன் முடிக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்."

பானு கதவோரம் போய் அறுபத்து நாலாவது அட்டையைப் பிடித்து, இரண்டு பக்கமும் முடிச்சை அவிழ்த்தாள். அட்டையை உருவிக்கொண்டு, விட்ட இடத்தில் சரத்தை மறுபடி இழுத்துக் கட்டினாள். அப்பா வீட்டில் கட்டும் அதே முடிச்சு. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

பாயில் உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுத்து, பலகையில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் தலையாட்டினார். "அறுபத்தஞ்சு!" என்று கத்திக்கொண்டு கதவுக்கு ஓடினாள். அதற்குள், "பானு, எனக்கும் அவுத்துக் குடுடி" என்று ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

யுகேஜியில் அவள் ஓடிப் பார்த்த ஒரே திசை கட்டில். அண்ணனுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"டீச்சரம்மா, இது ஒரே தறி இல்லயா?"

"முப்பத்திரெண்டுங்க."

அண்ணன் பாயில் உட்கார்ந்தார். பானுவோடு சேர்ந்து முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். கட்ட இரண்டு நாள், அவிழ்க்க அரை நாள். அறுபத்து நாலாவது அட்டையின் மூலை கிழிந்து தொங்குவதை அப்போதுதான் பார்த்தார். ஒட்டுப்போட மேஜை மேலிருந்து கைக்கு வந்த காகிதத்தை எடுத்துக் கிழித்தார். என் முத்து முத்தான கையெழுத்து.

வீட்டில் அண்ணி, "டிசி எங்க?" என்றார்.

"ஒட்டிட்டேன்" என்றார் அண்ணன். "அந்தம்மா தனியா முப்பத்திரெண்டு தறி ஓட்டுறாங்கடி. தறி ஓட்டுறவங்க கீழதான் உக்காருவாங்க."

அந்த வருஷம் முழுக்க, அறுபத்து நாலாவது அட்டைக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் கணக்கை முடித்துவிட்டு மூலையில் ஒட்டியிருந்த காகிதத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தார்களாம்: 'சான்றிதழ் தந்து உதவுமாறு பணிவுடன்'. தமிழ்வாணன் வந்து சேர மார்ச் மாதம் ஆனது. ஆனால் ஒரு பிழை இல்லாமல் படித்தான் என்று பானு சொன்னாள்.