கேக்கைத் தூக்கிக்கொண்டு பாய்லர் அறைக்கு

என் கணவருக்குப் பாய்லர் ரிப்பேர் வேலை. அடுக்குமாடிக் கட்டிடங்களின் அடித்தளத்தில் நின்று எல்லா வீடுகளுக்கும் சூடு அனுப்புமே, அந்த இரும்புப் பூதங்களை அவர் பெற்ற பிள்ளைகளாகக் கவனிப்பார். நிஜமாகவே பெற்ற பிள்ளையோ நடுங்குகிற குளிர்காலத்தில் பிறந்து தொலைத்தாள். குளிர் முற்றினால் பாய்லர்கள் மக்கர் பண்ணும். ஒவ்வொரு பிறந்தநாளும் நான் கேக் பெட்டியைத் திறப்பதற்கும் அவர் போன் அடிப்பதற்கும் சரியாக இருக்கும். கிளம்பிப் போகிற மனிதர், நான் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வீடு திரும்புவார்.

இந்த வருஷம் மகள் வாலுவுக்குப் பதின்மூன்று. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர், காரணம் கேட்க வேண்டாம். என்னடி வேணும் என்று கேட்டுவிட்டு, போன், புது ஷூ என்று ஆரம்பிப்பாளோ என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

"கேக் வெட்டும்போது அப்பா இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இனி நான் சும்மா இருப்பேனா? முந்தின வாரமே அவரை விரட்டி, அவர் பொறுப்பிலிருந்த பாய்லர்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்க்க வைத்தேன். பிறந்தநாளன்று காலை அவர் போனுக்கு வருகிற அழைப்பெல்லாம் என் போனுக்கு வருகிற மாதிரி மாற்றினேன். அவசரம் என்றால் என்ன செய்வாய் என்று முணுமுணுத்தார். கூப்பிடுகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பலூன் ஊதுங்கள் என்று உட்கார வைத்தேன். மனிதர் பம்பு வைத்துக் காற்றழுத்தம் பார்த்து ஊதினார். எல்லா பலூனும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு.

சாயங்காலம் தோழிகள் வந்து கட்டில் மேல் கோட்டுகளை மலையாகக் குவித்தார்கள். எனக்கு அடுப்படியில் போன் அடித்தபடி இருந்தது. குளிக்கிற வெந்நீர் சுடவில்லை என்று ஒருத்தர் புலம்பினார், நாளைக்குக் குளித்தால் குடி முழுகிப் போகாது என்றேன். அதிகாரம் பண்ணின இன்னொருத்தருக்கு நல்ல டோஸ் விட்டேன். அடுத்துப் பேசியது ஒரு சின்னப் பெண். இரட்டைக் குழந்தைகளை நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தாளாம், வீடு ஐஸாகக் கிடக்கிறதாம். அவள் சண்டைகூடப் போடவில்லை. தொந்தரவுக்கு மன்னியுங்கள் என்று சொல்லி அழுதாள்.

"அழாதம்மா, இப்பவே அனுப்பறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

திரும்பினால் அடுப்படி வாசலில் வாலு நிற்கிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பச்சைக் குழந்தைகள்டி, ரெண்டு, என்று குழறினேன். அவள் விறுவிறுவென்று கூடத்துக்குப் போனாள். தோழிகளோடு குசுகுசுவென்று ஏதோ பேசினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கோட்டு மாட்டத் தொடங்கினார்கள். பிள்ளைகள் கோபித்துக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்பா இருக்கணும்னுதானே கேட்டேன்? வீட்லதான் வெட்டணும்னா கேட்டேன்? கேக்கை எடும்மா" என்றாள் வாலு.

அவர் வேலைக்கு எடுத்துப் போகிற வேனில், குழாய்களுக்கும் ஸ்பானர்களுக்கும் நடுவே அத்தனை பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து பாட்டுப் பாடியபடி வந்தார்கள். கேக் என் மடியில். அந்தப் பெண்ணின் கட்டிட அடித்தளத்தில் பிள்ளைகள் முறை போட்டு டார்ச் பிடிக்க, அவர் கூச்சத்தோடு வேலையை முடித்தார். பாய்லர் உறுமிக் கிளம்பியதும் ஏதோ கோல் போட்ட மாதிரி கைதட்டல். நான் மெழுகுவர்த்தியை எடுத்ததுதான் தாமதம், இங்கே நெருப்பா என்று எங்களை வெளியே துரத்தினார். படிக்கட்டின் கடைசிப் படியில் கேக்கை வைத்து மெழுகுவர்த்திகளை ஏற்றினோம்.

வாலு ஊதினாள். அவர் கிரீஸ் கையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. என்னங்க என்றேன்.

"கண்ண இறுக்க மூடிக்கிட்டு ஊதறா. இவ இப்படித்தான் ஊதுவாளா? எனக்குத் தெரியவே தெரியாது."

இத்தனை வருஷமும் மகளுக்காக இவரைத் திட்டித் தீர்த்தேன். இவருக்கும் இது இல்லாமல் போயிற்று என்று ஒரு நாளாவது நினைத்தேனா? பாவி நான்.

வாலு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தனக்கு நேர் எதிரே நிறுத்தினாள். பிறகு மெழுகுவர்த்திகளை மறுபடி ஏற்றச் சொன்னாள்.